பல்லுக்கொழுக்கட்டை

பசுவா, பன்றியா, மனிதரா
என்று கேட்டார் டாக்டர் மாரிசெல்,
கோப்பியா, தேத்தண்ணியா என்பது போல.

பதினொரு வருஷம் பல்லில்லாமல் கிடந்த இடத்தில்
எலும்பு கரைந்துவிட்டதாம்.
ஆணி இறுக்க நிலம் போதாதாம்.
திரையில் காட்டினார்:
என் மேல்தாடை,
பனி வழித்துவிட்ட தெருவோரம் போல
ஒரு பக்கம் சரிந்து.
எலும்புத் தூள் இட்டு நிரப்பி
நாலு மாதம் மூடி வைக்க வேண்டும்.
யாருடைய எலும்பு என்பதுதான் கேள்வி.

நான் வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாதவள்.
பசு என்றதும் கதிரைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.
பன்றி என்றபோது யன்னலைப் பார்த்தேன்,
போர்ட்டேஜ் அவெனியூவில் ஒரு பஸ்
சேற்றுப்பனியை வாரி அடித்துக்கொண்டு போனது.
மனிதர், என்றேன்.
உயிரோடிருக்கையில் கையெழுத்து வைத்துத் தந்தவராம்.
பெயர் சொல்ல மாட்டார்களாம்.
அவர் சைவமா என்று கேட்க வாய் வந்து,
கேட்கவில்லை.

அந்தப் பல் போனதற்குப் பெரிய கதை ஒன்றுமில்லை.
யாரும் அடிக்கவில்லை, எங்கேயும் விழவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
பகலில் நித்திரை,
வலிக்கு மாத்திரை, மாத்திரை கேளாவிட்டால் கிராம்பு.
கடைசியில் ஒரு சனிக்கிழமை,
பிடுங்கினால் நூற்றெண்பது டொலர்,
காப்பாற்றினால் ஆயிரத்து நானூறு.
பிடுங்குங்கோ, என்றேன்.

முன்பல்லுக்கு அடுத்த பல்.
சிரித்தால் தெரியும்.
சிரிக்க முன்னமே கை போய்ப் பொத்தப் பழகிற்று.
ஒரு கல்யாண வீட்டில் பரஞ்சோதி மாமி
என்னைக் காட்டித் தன் மருமகளுக்குச் சொன்னார்:
பார், வாயே காட்டாத பிள்ளை. அதுதான் அடக்கம்.
நாற்பத்தெட்டு வயதில்
ஒரு ஓட்டை எனக்குத் தேடித்தந்த நல்ல பெயர்.

காப்புறுதிக்காரன் தொலைபேசியில் மெத்த மரியாதை.
நீங்கள் எங்களிடம் சேர முதல் விழுந்த பல்
எங்கள் கணக்கில் விழாது, மேடம்.
அப்ப அது யாருடைய கணக்கில், என்று கேட்டேன்.
பாட்டுப் போட்டுக் காக்க வைத்தான்.

நாலு மாதம் என்றது ஆறாயிற்று.
முகம் தெரியாத ஒருவரின் தூளைப் பிடித்துக்கொண்டு
என் எலும்பு மெல்ல மெல்ல ஏறிற்றாம்.
ஏறி முடிய அந்தத் தூள் இருக்காதாம்.
சலவைத் துணி மடிக்கையில்
சில இரவுகளில் நாக்கால் அந்த இடத்தைத் தடவி
இருக்கிறீங்களோ, என்று கேட்பேன்.

டைட்டேனியம் ஆணி இறுக்கும்போது வலியில்லை.
தலைக்குள் யாரோ அலுமாரி பொருத்துவது போல
ஒரு அதிர்வு.
பிறகும் காத்திருப்பு. பிறகுதான் பல்.
மைனஸ் இருபத்தெட்டில் பஸ் தரிப்பிடத்தில் நின்று
வாயைத் திறந்து பார்த்தேன்.
காற்றுப் பட்டு மற்றதெல்லாம் கூசிற்று.
புதிது ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பாய் விரித்திருந்தது.
பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் செய்கிறதுதானே, என்கிறாள்
மகள் துளசிகா.
என்ரை மனுசன் குகராசா வேலைக்கு லீவு போட்டு,
விளிம்பில் பல்லுப் பல்லாகக் கிள்ளி
அவித்து வைத்திருக்கிறார்,
பயறு கொஞ்சம் வேகவில்லை.
வெள்ளைத் துணியால் தலையை மூடி
ஐம்பத்திரண்டு வயசுக்காரியின் உச்சியில் கொட்டினார்கள்.
இரண்டு உருண்டு சோபாவுக்கு அடியில் போயின.

முன்னால் பீட்சாத் தட்டில்
பேனை, காப்பு, ஒரு புத்தகம்,
பஸ் அட்டை,
ஐயாயிரத்து நானூறு டொலர் பில்.
எடு அம்மா, எடு,
முதலில் தொடுகிறதுதான் உன்ரை எதிர்காலம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கை எழும்பிற்று.
தட்டுக்குத்தான் போகிறதென்று
இருவரும் கண்வெட்டாமல் பார்த்திருக்க,
அது
வழமையான இடத்துக்குப் போயிற்று.